பலகை எத்தனை லிட்டர்?

மரக்காணத்து உப்பளங்களில் வேலை பார்ப்பவர்கள் கையாளும் கருவிகளுள் சிறு கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அடியில் பருத்து, அந்தப் பருமனுக்குள் ஈயக்குண்டுகள் அடைபட்டு, மேலே பென்சிலைப் போல் மெலிந்து, மெலிந்த காம்பிலே கோடுகளும் எண்களும் வரையப்பெற்ற அக்குழாயைப் பாத்தியிலிருந்து முகந்த நீரில் மிதக்கவிட்டு, நீர்மட்டம் எந்த எண்ணைத் தொடுகிறதென்று குனிந்து பார்த்து, "இன்னும் 18 டிகிரிதான், உப்பு விழ நாளாகும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மடையை அடைத்துவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்வதைப் பருவகாலத்தில் அங்கே போகிற எவரும் காணலாம். கடல்நீரில் மூன்று அல்லது மூன்றரை டிகிரி காட்டும் அக்குழாய், வெயிலில் நீர் சுண்டச் சுண்ட மேலே எழும்பி, 25 டிகிரியைத் தொடும் சமயத்தில் பாத்தியின் அடியில் வெண்மணிகள் தோன்றத் தொடங்கும்.

குழாயின் எடை மாறவில்லை, பருமனும் மாறவில்லை. பின் ஏன் எழும்புகிறது? மிதக்கின்ற பொருள் எதுவாயினும் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை ஒதுக்கித் தள்ளுகிறது என்று ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்தார். நீர் கனத்துவிட்டால் அதே எடைக்குக் குறைந்த அளவு நீரை ஒதுக்கினாலே போதும். ஆதலால் குழாய் குறைவாக அமிழ்கிறது. அலைச்சறுக்குப் பலகை வாங்கப் புறப்படும் இளைஞன் அறியவேண்டிய சாஸ்திரத்தில் பாதி இந்தக் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை நான் சொல்லத் துணிந்த காரணத்தையும் கூறிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவரின் மகன் ஒருவன் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறான். அங்கே தந்திராயன்குப்பத்துக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பழகுகிறவர்களைப் பார்த்து ஆசை கொண்டு, பழகிய ஒருவரிடமிருந்து பாதி விலைக்குக் கிடைத்ததென்று ஒரு பலகையை வாங்கி வந்தான். கூரிய மூக்கும் மெல்லிய விளிம்பும் பளபளப்பான வெண்ணிறமும் கொண்ட அழகிய பலகை. ஆறடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு மாதம் கழித்து என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "வாங்கிட்டேன் மாமா. ஆனா மேல படுத்தாலே முங்கிப் போவுது. ஒரு அலையும் பிடிக்க முடியல" என்றான். பலகையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகத்தில், நடுக்கோட்டின் ஓரமாக, பென்சிலால் 27 லிட்டர் என்று எழுதியிருந்தது. பையனின் எடை 64 கிலோ.

கணக்கு மிக எளியது. கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ கனம். 27 லிட்டர்ப் பலகையை முழுவதும் நீருக்குள் அழுத்தினால் அது ஒதுக்கும் நீர் 28 கிலோவுக்கும் குறைவு. பலகையின் சொந்த எடையாகிய இரண்டரை கிலோவைக் கழித்தால், அது தாங்கக்கூடிய சுமை 25 கிலோ அளவே. மனித சரீரம் தானாகவே பெரும்பாலும் மிதக்கும் இயல்புடையதாதலால் அவன் முழுகிப் போய்விடவில்லை; எனினும் பலகையும் மார்பும் இடுப்பும் நீருக்குள்ளேயே கிடக்க, கைகளால் எவ்வளவு துழாவினாலும் நீரின் தடையை வென்று வேகம் பெற அவனால் இயலவில்லை. இதையே 80 லிட்டர்ப் பலகைக்குப் போட்டுப் பாருங்கள்: 82 கிலோ நீரை ஒதுக்கும், ஆறு கிலோ சொந்த எடை போக 76 கிலோ தாங்கும், 64 கிலோ பையன் அதன்மேல் படுத்தால் 12 கிலோவுக்கு இன்னும் இடம் மிச்சம். பலகை நீரின் மேல் வெளிப்பட்டு நிற்கும். கை வீச்சின் பிரயாசை வீணாகாமல் ஓட்டமாக மாறும்.

ஆகவே தொடக்கநிலையினர் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "இது எத்தனை லிட்டர்?" என்பதே. கிலோவில் தம் எடை எவ்வளவோ அதற்குக் குறையாத லிட்டரும், சற்றே கூடுதலும் உள்ள பலகையை முதற்பலகையாகக் கொள்வது உத்தமம். எண் எழுதப்படாத பழைய பலகையாயின், நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, பலகையின் இரு முனைகளும் குறுகிப் போவதை உத்தேசித்து அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டால் உண்மைக்கு அருகில் வந்துவிடலாம். எட்டடி நீளமும், 57 சென்டிமீட்டர் அகலமும், எட்டரை சென்டிமீட்டர் கனமும் உள்ள பலகை இக்கணக்கின்படி 79 லிட்டர் ஆகிறது.

இனி மற்றப் பாதி. பலகை மிதப்பது ஒன்று. அலையோடு ஓடுவது வேறொன்று. ஏரிக்கரையில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசினால் அது தவளை போல் தத்தித் தத்திப் போவதை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். சில்லு மிதக்கும் பொருளன்று. வேகம் உள்ளவரையில் நீரே அதைக் கீழிருந்து தள்ளித் தாங்குகிறது. வேகம் தளர்ந்ததும் அமிழ்ந்துவிடுகிறது. நின்றுகொண்டு சறுக்குகிறவனையும் பெரும்பாலும் இந்த வேகத்தின் விசையே தாங்குகிறது. கைதேர்ந்தவர்கள் 27 லிட்டர்ப் பலகையில் நிற்பதன் ரகசியம் இதுதான். ஆனால் அந்த வேகத்தை முதலில் எட்டியாக வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் கரையை நோக்கி வரும் அலை மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பழகாதவன் கையால் துழாவிப் பெறும் வேகம் அதில் பாதிகூட இராது. நீண்ட பலகை சிறு முயற்சிக்கே எளிதில் வேகம் கொள்வதால், அலை மடிவதற்கு முன்பே அதனோடு சேர்ந்துகொள்ள இடங்கொடுக்கிறது. குறுகிய பலகையோ அலை செங்குத்தாக எழும்பும் கடைசிக் கணத்தில்தான் புறப்படும். அந்தக் கணத்தில் எழுந்து நிற்பதற்குரிய பயிற்சி தொடக்கநிலையினருக்கு இல்லை.

இந்த உண்மையை நம் கரையோர மக்கள் நூல் எதுவும் படியாமலே அறிந்திருந்தனர். இலேசான மரங்களைச் செதுக்கி, கயிற்றால் வரிந்து கட்டி, நீருக்கும் தமக்கும் இடையே சுவர் ஏதுமின்றி அவர்கள் செய்த கட்டுமரம், இடுக்குகளின் வழியே நீர் உள்ளே வந்து வெளியே போவதால் இறைக்கவேண்டாததாய், கவிழ்ந்தாலும் மூழ்காததாய், சோழமண்டலக் கரையின் ஓயாத அலைக்கென்றே பிறந்ததாய் இருந்தது. 1697-ல் வெளிவந்த தம் பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி இக்கரையின் கட்டுமரத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறித்திருக்கிறார். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் கரை சேர, கடிதங்களைக் கட்டுமரக்காரர்கள் அலையைத் தாண்டிக் கொண்டு சேர்த்தனர். கடலிலிருந்து திரும்பும்போது அலை மடியும் இடத்துக்கு வெளியே காத்திருந்து, வரிசையாக வரும் அலைகளை எண்ணிப் பார்த்து, தக்க அலை பின்புறத்தைத் தூக்கத் தொடங்கும் தருணத்தில் துடுப்பை வலித்து, அதன் முகத்தின் மேலேயே கரைக்கு ஓடிவந்த அவர்களுடைய வித்தை, இன்று பயிற்சிப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் முதற்பாடத்திலிருந்து சிறிதும் வேறானதன்று. கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியதையும், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புடிகால் வெண்கலம் வென்றதையும் இந்த நீண்ட பரிச்சயத்தின் தொடர்ச்சியாகவே நான் கருதுகிறேன்.

பலகை எதனால் செய்யப்பட்டது என்பது இரண்டாவது கேள்வி. பணத்தைப் பற்றிய பிரச்சினையெல்லாம் இதில்தான் வருகிறது. ஹவாய்த் தீவினரின் பழைய பலகைகள் மரத்தாலானவை. 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர், கார்டன் கிளார்க் என்னும் இருவர் பாலியூரித்தேன் நுரையைப் பலகைக்கு உகந்ததாகச் செய்த பிறகு, நுரையின்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி ரெசின் பூசுவது வழக்கமாயிற்று. இன்று நுரையில் இரண்டு ஜாதி வழங்குகின்றன: ஒன்று மேற்சொன்ன பாலியூரித்தேன், மற்றொன்று நாம் தெர்மாக்கோல் என்று அழைக்கும் பாலிஸ்டைரின். இரண்டாவது ஜாதியின் மேல் ரெசின் ஓட்டுக்குப் பதிலாக மெத்தென்ற நுரைத்தோலும், அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தகடும் ஒட்டிச் செய்யப்படுவதே "சாஃப்ட் டாப்" எனப்படும் மென்பலகை. தொடக்கநிலையினருக்கு இதுவே ஏற்றது. கீழே விழும்போது பலகை தன் தலையிலோ பிறர் விலாவிலோ மோதினால் காயம் குறைவு. அங்கங்கே இடித்தாலும் விரிசல் விடாது. பழகியபின் அடுத்தவருக்கு விற்பதும் எளிது.

வெளிநாட்டிலிருந்து தனியாகத் தருவித்தால் ஏன் விலை ஏறுகிறது என்று பலர் வியக்கின்றனர். விமானச் சரக்கில் எடையைப் போலவே அடைக்கும் இடமும் கணக்கில் வருகிறது. 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாக எண்ணுவது வழக்கம். 250 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 15 உயரம் உள்ள பெட்டியின் கனபரிமாணம் 2,25,000. ஆறு கிலோப் பலகைக்கு முப்பத்தேழரை கிலோவுக்குரிய கூலி. ஆதலால் ஊருக்குள் ஏற்கெனவே வந்துசேர்ந்துவிட்ட பழைய பலகையே சிக்கனம். பயிற்சிப் பள்ளிகளில் பாடத்தோடு பலகையும் தருகிறார்கள். பத்து நாளாவது அவர்களுடைய பலகைகளில் மாறி மாறிப் பழகிவிட்டு, எது தன் உடம்புக்கு ஒத்துவருகிறதென்று அறிந்தபின் பழையதொன்றைத் தேடுவது, பையன் செய்தது போல அழகைக் கண்டு முன்பே வாங்குவதைவிடப் பல மடங்கு மேல்.

பழைய பலகையைச் சோதிக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்லுகிறேன், ஏனெனில் ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இங்கேதான். முதலில் நிழலில் கிடத்தி, மேற்பரப்பு முழுவதையும் கட்டைவிரலால் ஓர் அங்குலம் விடாமல் அழுத்திக்கொண்டே போகவேண்டும். ஓரிடத்தில் விரல் உள்வாங்கி, விட்டவுடன் தோல் மெல்ல மேலே வந்தால், அங்கே நுரையும் ஓடும் பிரிந்துவிட்டன. வெயிலில் உள்ளடங்கிய காற்று விரிந்ததால் வந்த கொப்புளம் அது. அடுத்து, காலோடு பிணைக்கும் கயிற்றை மாட்டும் குழியையும் வால்புறத்துச் சிறகுகள் பொருந்தும் இடத்தையும் பார்க்கவேண்டும்; மயிரிழை போன்ற வெடிப்பும், அதைச் சுற்றிப் பழுப்பு நிறமும் இருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. பலகையைச் செங்குத்தாக நிறுத்திக் கால்மணி நேரம் காத்திருங்கள். சில சமயம் துளி சொட்டும். இவை எல்லாவற்றிலும் நம்பத்தக்க சோதனை எடை. இன்ன பலகை இவ்வளவு எடை என்று செய்தவர்கள் சில சமயம் குறித்திருப்பார்கள். அதைவிட அரைகிலோ கூடுதலாக இருந்தால் அந்த அரைகிலோ பெரும்பாலும் தண்ணீர்தான்.

பழுது பார்ப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. அதை நான் காலங்கடந்து கற்றேன். பையனுடைய மெல்லிய பலகையின் மூக்கில் விரிசல் கண்டபோது, நம் குப்பங்களில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடமே கொடு என்று நான்தான் சொன்னேன். யோசனை தவறில்லை, படகும் பலகையும் கண்ணாடியிழையாலும் ரெசினாலும் ஆனவையே. ஆனால் உள்ளே இருக்கும் நுரை எது என்று நான் கேட்கவில்லை. படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரின் என்ற திரவம் கலந்திருக்கிறது. பெட்ரோலில் போட்ட தெர்மாக்கோல் எப்படிச் சுருண்டு கரைகிறதோ அப்படியே ஸ்டைரின் பட்ட பாலிஸ்டைரின் நுரையும் கரைந்துவிடும். ஒட்டுகிறவர் தூரிகையை வைத்துச் சில நிமிடங்களில், விரிசல் இருந்த இடத்தில் சிரட்டை அளவு பள்ளம் விழுந்து, வெள்ளை நுரை பிசுபிசுத்த கூழாக அடியில் தேங்கிற்று. பையன் ஒன்றும் பேசாமல் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வருந்துகிறது. பாலியூரித்தேன் பலகைக்குப் படகு ரெசின் ஆகும். பாலிஸ்டைரின் பலகைக்கு எப்பாக்சி மட்டுமே ஆகும். எது என்று தெரியாவிட்டால் விரிசலிலிருந்து ஒரு பொருக்கு நுரையைக் கிள்ளி, அதன்மேல் ஒரு சொட்டு ரெசின் விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பலகை நீங்கலாக மற்றச் சாமான்களில் எதில் செலவிடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்? காலையும் பலகையையும் பிணைக்கும் "லீஷ்" என்ற கயிற்றில் ஒருபோதும் சிக்கனம் கூடாது, பழையது வேண்டாம். பலகையின் நீளத்துக்குக் குறையாத நீளமும், ஏழு மில்லிமீட்டர் அளவு பருமனும் வேண்டும். அலை பலகையைப் பறித்துக்கொண்டு போகும்போது அக்கயிறு இழுபட்டுச் சுருங்குவதால், நீளம் குறைந்திருந்தால் பலகை அம்பு போல் திரும்பிவந்து முகத்தில் அடிக்கும். கயிற்றில் நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலும் என்றோ ஒருநாள் அங்கேதான் அறும். எனினும் கயிற்றை உயிர்க்கயிறாக எண்ணவேண்டாம். நீந்தத் தெரியாதவர் முதலில் நீச்சல் கற்றுவிட்டே பலகையைத் தொடவேண்டும். பலகையை நேராக ஓடச்செய்யும் சிறகு, 1935-ல் டாம் பிளேக் என்னும் அமெரிக்கர் முதன்முதல் பொருத்தியது. மென்பலகையோடு வரும் சாதாரணப் பிளாஸ்டிக் சிறகே பழகுகிறவருக்குப் போதும், விலையுயர்ந்த சிறகு முதலாண்டில் எந்தப் பிரயோஜனமும் தராது. குளிர்நாட்டார் பெரும்பணம் கொடுத்து வாங்கும் ரப்பர் உடை நம் கடலுக்கு வேண்டியதேயில்லை. முழுக்கை வைத்த, உடலோடு ஒட்டிய செயற்கையிழைச் சட்டை ஒன்று, மார்பு உராய்வதையும் வெயிலையும் ஒருங்கே தடுக்கும். கால் வழுக்காமல் பூசும் மெழுகில், வெப்பநீருக்கென்று செய்த கெட்டி மெழுகையே கேட்டு வாங்கவேண்டும். குளிர்நீர் மெழுகு நம் வெயிலில் உருகி ஓடிவிடும்.

அலைச்சறுக்குப் பலகையின் தம்பியாகிய பனிச்சறுக்குப் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த விளையாட்டுச் சாமானிலிருந்து வளர்ந்தது அது. குல்மார்க்குக்கோ ஔலிக்கோ போகும் நம் இளைஞர்கள் பலகையை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பணம் இருந்தால் காலணியை மட்டும் சொந்தமாக வாங்குவது நல்லது. குதிகால் காலணிக்குள் சிறிது எழும்பினாலும் உடலின் கட்டளை பலகைக்குத் தாமதமாகவே போய்ச்சேரும். அங்கே மிதப்பு என்ற கேள்விக்கு அவ்வளவாக இடமில்லை, பொருத்தமே பிரதானம்.

ஓராண்டு பழகி, மடிந்த அலையின் வெள்ளை நுரையைக் கடந்து வெளியே போய், மடியாத பச்சை அலையைத் தானே பிடித்து, அதன் முகத்தில் இடமாகவோ வலமாகவோ திரும்ப வந்துவிட்டவர் இடைநிலையை அடைந்தவராவார். அவர் ஒரேயடியாகச் சிறிய பலகைக்குத் தாவாமல், லிட்டரைப் படிப்படியாகக் குறைத்து, தம் எடையின் முக்கால் பங்கு அளவில் ஏழடிக்கு அண்மையான பலகையில் நிற்பது விவேகம். 64 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 லிட்டர். அதனினும் சிறியது வேண்டுமா என்பதை அவருடைய தோள்களே சொல்லும்.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே 35 கிலோமீட்டர். பையன் விடியுமுன் புறப்பட்டுப் போகிறான். அந்நேரத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுவதால் அலையின் முகம் கசங்காமல் நிமிர்ந்து நிற்கும். பகல் ஏறக் கடற்காற்று வந்து அதைச் சிதைத்துவிடும். தென்மேற்குப் பருவகாலத்தில் தொலைவிலுள்ள தென்கடலிலிருந்து வரும் அலைகள் பழகுவதற்கு இசைவானவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றும் புயலும் கலக்கும் கடலில் தொடக்கநிலையினர் இறங்கக் கூடாது. எந்தக் குப்பத்துக் கரையானாலும் அங்குள்ள மீனவப் பெரியவரிடம், "ஐயா, இன்று நீரோட்டம் எப்படி? வலை எங்கே கிடக்கிறது?" என்று கேட்டுவிட்டே பலகையை நீரில் வைக்கவேண்டும். கழிமுகத்தருகே போகவே வேண்டாம். வற்றும் நீர் அங்கே ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

மெல்லிய பலகையை எப்பாக்சியால் ஒழுங்காக ஒட்டி, பழகிய ஒருவருக்கு உண்மையைச் சொல்லி விற்றுவிட்டு, எட்டடி நீளமுள்ள 80 லிட்டர் மென்பலகை ஒன்றைப் பழையதாகவே வாங்கினோம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, அப்பாவின் உப்புக் கொட்டகையில், கீற்றுக்கூரையின் நிழலில் இரண்டு கயிறுகளில் அதைத் தொங்கவிட்டிருக்கிறான். மாதம் ஒருமுறை இறக்கி உப்பு நிறுக்கும் தராசில் வைக்கிறான். வாங்கிய அன்று 6 கிலோ 200 கிராம் இருந்தது. சென்ற வாரமும் அதே 6 கிலோ 200 கிராம்தான்.